பகல் நாடகத்தில் நான் எடுத்த நடை

முகத்தில் விசேஷம் ஒன்றும் இல்லாதவர்களுக்கு வேஷம் கிடைக்குமா என்று கேட்டு, நம் நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் இருவர் எனக்கு எழுதியிருந்தார்கள். கிடைக்கும். ஐந்து வருஷம் எனக்குக் கிடைத்தது. மேடையை விட்டு டிராயிங் போர்டுக்குத் திரும்பிவிட்ட இப்போது, அது எப்படிக் கிடைத்தது என்பதையும், கிடைத்த முதல் பெரிய வேஷத்தில் நான் செய்த தவறையும் எழுதிவைக்கிறேன். தவறைக் கவனமாகப் படியுங்கள். வேஷம் கிடைக்கும் வழி ஆளுக்கு ஆள் மாறும். இந்தத் தவறு உங்கள் எல்லோரையும் தேடி வரும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் படித்தது டிரேசர் வேலைக்கு. எஞ்சினீயர் வரைந்த படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, கீழே தெரியும் ஒவ்வொரு கோட்டையும் மையில் அப்படியே எடுப்பதுதான் அந்த வேலை. அந்தக் கோடு வாய்க்காலா, மதிலா, யாருடைய வீடு இடிபடப்போகிறது என்றெல்லாம் டிரேசர் யோசிக்கக் கூடாது. யோசித்தால் கை நிற்கும். கை நின்ற இடத்தில் மை பரவும். தொழிற்பள்ளியில் முதல் நாளே இதைச் சொல்லித்தந்தார்கள். நான் நல்ல டிரேசர்.

கால்வாய் ஆபீசில் கிடைத்த தற்காலிக வேலை முடிந்ததும், சபையில் கிறிஸ்துமஸ் நாடகங்களில் நடித்த தைரியத்தில் நாடகக் கம்பெனிகளைத் தேடிப் போனேன். கிடைத்த பதில்களை வரிசை எண் போட்டு எழுதிவைத்தேன். எதையும் அப்படி எழுதிவைப்பது என் பழக்கம். ஒன்று: நெய்யாற்றின்கரை முதலாளி என்னையும் துணைக்கு வந்த சித்தியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சரி, நடிக்கப் போற பிள்ளை எங்க? வெளிய நிக்குதா?" என்று கேட்டார். இரண்டு: பூவாரில் ஒரு கம்பெனிக்காரர் நல்ல மனுஷர், நேரம் எடுத்துச் சொன்னார். "முகத்துல ஒரு குறையும் இல்ல மக்கா. அதுதான் குறை. பின்னால இருக்கியவன் எதப் பிடிச்சிக்கிட்டுப் பாப்பான்?" மூன்றாவது நம் குழு. பாறசாலையில் மேனேஜர் என் விண்ணப்பத்தைத்தான் முதலில் பார்த்தார். முகத்தை அப்புறம்தான் பார்த்தார்.

"எழுத்து கொள்ளாம், நல்லாருக்கு. முகத்த வீட்டுல வச்சிட்டு கைய மட்டும் கொண்டு வா."

அப்படித்தான் சேர்ந்தேன். பாத்திரங்களின் வசனங்களைத் தனித்தனியாகப் பிரதி எடுப்பேன், நோட்டீஸ் எழுதுவேன், படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பேன். ஒரு வருஷம் போயிற்று. எல்லோருடைய வசனமும் எனக்கு மனப்பாடம். யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை.

கூப்பிட வைத்தது தடையுத்தரவு. எங்கள் தாலூக்கா தமிழ்நாட்டோடு போகுமா, மலையாள நாட்டோடேயே நிற்குமா என்று ஊர்வலமும் தடியடியுமாக இருந்த காலம் அது. எந்தக் கூட்டமும் பொழுது சாய்வதற்குள் கலைய வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நாடகமும் கூட்டம்தான். பிரதியை ஸ்டேஷனில் கொடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வாங்க வேண்டும். ஆடும்போது ஒரு போலீஸ் ஏட்டு அந்தப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார். பிரதியில் இல்லாத ஒரு வார்த்தை வாயில் வந்தால் நாடகம் நிற்கும், மேனேஜர் ஸ்டேஷனுக்குப் போவார்.

மேனேஜர் நாடகத்தைப் பகல் மூன்று மணிக்கு மாற்றினார். குன்னத்துகாலில் முதல் பகல் நாடகம். எங்கள் கதாநாயகி நிஜமாகவே அழகி. காஸ் விளக்கில் ராணி போல இருப்பார். வெயிலில் முதல் காட்சி முடிவதற்குள் முகத்தில் பூசியதெல்லாம் பாளம் பாளமாக வெடித்தது. "எலே, வெள்ளையடிச்ச செவுரு அழுது பாருலே!" என்று ஒருவர் கத்த, மைதானமே சிரித்தது. கணவன் குடித்து அழிக்கும் குடும்பத்தைத் தாங்கும் ஏழைப் பெண்ணின் கதை அது. பூச்சு இல்லாமல் மேடை ஏற மாட்டேன் என்று கதாநாயகி பெட்டியைக் கட்டினார்.

மேனேஜர் என்னை வெயிலில் நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது பகல்ல வெடிக்காது" என்றார். அப்படித்தான் எனக்கு வேஷம் வந்தது.

அழகானவர் மேடையில் சும்மா நின்றாலும் பார்ப்பார்கள். நம்மைப் பார்க்க வைக்க நாம் ஏதாவது கொண்டு போக வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், உள்ளதை உள்ளபடி எடுப்பது. அப்போது செங்கல் என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். என் ஜன்னலுக்கு நேரே ஒரு வரப்பு. அதன் முனையில் ஒரு கலுங்கு, அதாவது சின்ன மதகுப் பாலம், அப்பால் ஓடை. தினமும் பதினொரு மணிக்கு அந்த வழியே நேசம் என்ற பெண் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோவார். முப்பது வயது இருக்கும். நாடகத்தில் நான் செய்ய வேண்டியதும் அதேதான், புருஷனுக்கு வயலுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒன்று, இடுப்பில் சட்டி. மறுகையில் கடவம் என்கிற ஓலைக்கூடை, அதன் மேல் புல் மூடியிருக்கும். இரண்டு, கலுங்குக்கு முன் நின்று சட்டியை இடது இடுப்பிலிருந்து வலதுக்கு மாற்றுவார், அப்போது தோளுக்கு மேல் ஒரு பார்வை. மூன்று, ஓடைக் கரையில் இரண்டு இருமல். நான்கு, திரும்பும்போது வெறுங்கடவத்தை வீசிக்கொண்டு வேகநடை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கோடுகள் சுத்தமாக இருந்தன, எடுத்துக்கொண்டேன்.

குன்னத்துகாலில் மறுபடி ஆடினோம். நான் சட்டியோடு நடந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து, "இது நம்ம வீட்டுப் பொம்பளயாக்கும்" என்று குரல் வந்தது. பாறசாலையிலும் அப்படியே. செய்தி திருவனந்தபுரம் வரை போய், அங்கே மாதச் சம்பளம் கொடுக்கும் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து, அடுத்த நாடகத்தைப் பார்க்க ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. அடுத்த நாடகம் செங்கலில். அசல் இருக்கும் ஊரிலேயே நகலைக் காட்டப்போகிறோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் திருவனந்தபுரத்துக்காரர். அவருக்குப் பக்கத்தில் ஏட்டு. வடக்கேயிருந்து இந்தக் கலவரத்துக்காக மாற்றி அனுப்பப்பட்டவர்; ஊரில் ஒரு முகமும் அவருக்குத் தெரியாது. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பிரதியின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது காட்சியில் நடந்தேன். சட்டியை மாற்றினேன், தோளுக்கு மேல் பார்த்தேன்.

"எலே, நேசத்துக்க நடையாக்கும் இது!" என்றார் வெற்றிலைக்கடைக்காரர்.

"உள்ளதுதான்லே! சட்டிய மாத்துறதக் கண்டாயா?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு. எனக்கு உள்ளே இனித்தது. இரண்டு முறை இருமினேன். சிரிப்பு இன்னும் கூடியது. பெண்கள் பக்கத்தில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

பகல் நாடகத்தில் ஆடுகிறவருக்கும் பார்க்கிறவர்கள் தெரிவார்கள். மூன்றாவது வரிசையில் நேசம் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன்; கண் ஏட்டின் முதுகிலேயே இருந்தது. ஒரு விநாடியில் நான்கு கோடுகளும் சேர்ந்து படமாகிவிட்டன. ஊர்வலத்தில் கலந்ததற்காகப் போலீஸ் தேடுகிற ஆட்களில் அவர் கணவரும் ஒருவர். தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். அவர் எங்கேயும் போகவில்லை, ஓடைக்கு அப்பால்தான் ஒளிந்திருந்தார். இடுப்புச் சட்டி ஊருக்குக் காட்ட; கடவத்தில் புல்லுக்கு அடியில் இருந்தது கணவருக்கான இரண்டாவது சட்டி. இருமல், வந்திருப்பது தான்தான் என்று அவருக்குச் சொல்வதற்கு.

"ஒருத்தி குடிக்க இம்புடு கஞ்சி எதுக்கு மக்களே?" என்று வெற்றிலைக்கடைக்காரர் என் கடவத்தைப் பார்த்துக் கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார்.

ஏட்டு பிரதியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஆராடோ ஈ நேசம்?" என்று மலையாளத்தில் பின்னால் திரும்பிக் கேட்டார்.

வெற்றிலைக்கடைக்காரருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "எந்த நேசம் ஏட்டே? சபையில எட்டு நேசம் உண்டு. எனக்க மாமியாரும் நேசமாக்கும். வேணுமானா கொண்டுபோங்க" என்றார். சிரித்தார்கள். ஏட்டு சிரிக்கவில்லை. பிரதியை மூடி, விரலை அடையாளமாக உள்ளே வைத்துக்கொண்டு, என் காலைப் பார்க்க ஆரம்பித்தார்.

படுதாவுக்குப் பின்னால் வந்தேன். இன்னும் இரண்டு முறை கஞ்சி கொண்டுபோக வேண்டும். என்ன செய்யலாம் என்று வழக்கம் போலவே வரிசைப்படுத்தினேன். நாடகத்தை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். இதையே மறுபடி செய்தால், எந்த நடையைத் தேட வேண்டும் என்று ஏட்டுக்குப் பாடம் எடுத்த மாதிரி ஆகும். திடீரென்று வேறு மாதிரி நடந்தால், மறைக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். நான்காவதாக ஒன்று தோன்றியது. அதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். இதைக் கணக்குப் போட அரை நிமிஷம் இருந்ததா என்றுகூட நினைவில்லை. மேனேஜர், "கேறு, மேடையில கேறு" என்று தோளைத் தள்ளினார்.

அடுத்த நடையில் நேசத்தின் சட்டி மாற்றலை வைத்துக்கொண்டேன், ஆனால் நான்கு முறை மாற்றினேன். இருமினேன், இரண்டு இருமலை ஏழாக்கி, எங்கள் சபை உபதேசியார் ஜெபத்துக்கு முன் தொண்டையைச் செருமும் ராகத்தில் முடித்தேன்.

"உபதேசியாரே! பாரும், உம்ம இருமலு!"

மைதானம் அதிர்ந்தது. பிறகு தபால்காரரின் சாய்ந்த நடை. பிறகு வெற்றிலைக்கடைக்காரர் மடியைத் தட்டிப் பார்க்கும் விதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைக் கூவினார்கள். புருஷன் வேஷக்காரர் திகைத்துப்போனார். அழ வேண்டிய இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிரதியில் உள்ள வசனத்தை மறக்காமல் சொன்னார், பாவம். நானும் ஒரு வார்த்தை மாற்றவில்லை. மூன்றாவது முறை வரும்போது விரலை நாக்கில் தொட்டு, இல்லாத ஒரு பக்கத்தைப் புரட்டி, இல்லாத பெல்ட்டை மேலே இழுத்துவிட்டேன்.

ஒரு பெயரும் கூவ வேண்டியிருக்கவில்லை. ஏட்டின் காது சிவந்தது. பெண்கள் பக்கமும் சிரித்தது. நேசம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகம் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் சாக வேண்டும். நான் விழுந்தபோதும் சிரித்தார்கள். திருவனந்தபுரத்துக்காரர் அதற்கு முன்பே எழுந்துவிட்டிருந்தார். போகும்போது மேனேஜரிடம், அந்தப் பெண்ணுக்கு அடக்கம் போதாது, கோமாளி வேஷம் பழகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஏட்டு தட்டிக்குப் பின்னால் வந்தார். பிரதியைத் தட்டிக் காட்டி, இதிலே இந்த நடை ஒன்றும் இல்லையே என்றார். முதலில் நடந்தது யாரைப் பார்த்து என்று கேட்டார். என் நோட்டு பெட்டியின் மேல் திறந்தே கிடந்தது. அதில் நேசம் என்ற பெயரும், நேரமும், கலுங்கும் என் அழகான கையெழுத்தில் இருந்தன. நான் அதன் மேல் உட்கார்ந்தேன்.

"எல்லாரையும் பாத்துத்தான் சார். கடைசியில ஒங்களையும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் போய்விட்டார். அந்தப் பக்கங்களைக் கிழித்து அப்போதே குழுவுக்குக் கஞ்சி வைத்த அடுப்பில் போட்டேன். மேனேஜர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "ஒரு மாசம் நோட்டீசு எழுது." ஏன் என்று அவர் கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க முடியாது. இப்போது எழுதும் இந்தப் பக்கங்களைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்ளப் போகிறார்.

ஏட்டையும் எல்லோரையும் போலக் கேலியாக்கிவிட்டேன், முடிந்தது என்று நினைத்தேன். அவர் முட்டாள் இல்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு என் ஜன்னலைத் திறந்தபோது கலுங்கின் மேல் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து வயலுக்குப் போக அது ஒன்றுதான் வழி. நேசம் யாரென்று ஊரில் எவரும் சொல்லப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த நடை அவர் கண்ணில் இருந்தது. நான்தான் வைத்தேன்.

ஒன்பது மணிக்கு நேசம் பின்வாசல் வழியே வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதெல்லாம் பெறகு. அவருக்குக் காய்ச்சலாக்கும். எழும்ப வய்யாது. இன்னைக்குக் கஞ்சியும் மருந்தும் போயே ஆவணும். வேற வழியும் கெடையாது, வேற ஆளையும் நம்ப வய்யாது." பின்வாசல் கதவைச் சாத்தினார். "எனக்க நடைய நீ எடுத்தாச்சு. இனி நான் எப்பிடி நடக்க? வேற நடை ஒண்ணு தா."

அப்போதுதான், முதல் முறையாக, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டேன். சட்டியை மாற்றுவது பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்க. திரும்பும்போது வேகம், வீட்டில் தனியாக விட்டுவந்த கைக்குழந்தைக்காக. காரணம் தெரிந்ததும் மாற்று தானாக வந்தது. சட்டி வேண்டாம், புல்லுக்கட்டுக்குள் அவித்த கிழங்கும் மருந்தும். தலையில் சுமை ஏறினால் இடுப்பு அசைவு தானாகவே போய்விடும். திரும்பிப் பார்க்க வேண்டுமானால் காலில் முள் தைத்த மாதிரி குனியலாம். இருமலுக்குப் பதில் மாட்டைக் கூப்பிடலாம்.

"எனக்கு மாடு கெடையாதே."

"அது ஏட்டுக்குத் தெரியாதுல்லா அக்கா."

கொல்லையில் நடக்கச் சொன்னேன். யாருடைய நடையைச் சொல்லித்தருவது என்று யோசித்தேன். மாமியார்கள், பள்ளிக்கூட வாத்திச்சிகள், என் நோட்டில் எத்தனையோ நடைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கண்ணில் குத்துகிற மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. அதனால்தானே நான் அவற்றை எழுதிவைத்திருந்தேன்.

"ஒனக்க நடையே போதும் பிள்ளே" என்றார் நேசம். "நீ இஞ்ச வந்து ஆறு மாசம் ஆச்சு. ஒருத்தனாவது ஒன்னத் திரும்பிப் பாத்தானா?"

இருவரும் சிரித்துவிட்டோம். அவர் முன்னால் நான் நடந்தேன். என் நடையை நானே அதுவரை கவனித்ததில்லை. அவர் பின்னாலேயே நடந்தார். கொல்லையில் இருபது சுற்று. இடையிடையே ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன், ஏட்டு அசையவில்லை. பத்தரை மணிக்கு நேசம், "வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதற்கு முன்பே முடிந்துவிட்டது. சாதாரண முகம் உள்ளவர்கள் பிறரிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். எடுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன், அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். கேட்க முடியாத ஆளிடமிருந்து எடுக்காதீர்கள். காரணம் தெரியாத அசைவு மேடையில் கைதட்டல் வாங்கும். அது யார் வீட்டில் போய் இடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

பதினொரு மணிக்கு ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். புல்லுக்கட்டு சுமந்து நான்கு பெண்கள் சேர்ந்து வரப்பில் வந்தார்கள். நேசம் மற்ற மூவரிடமும் என்ன சொன்னார் என்று நான் இதுவரை கேட்கவில்லை. கட்டுகள் கண் வரை தொங்கி முகங்களை மறைத்தன. ஏட்டு எழுந்து நின்று, ஒவ்வொருவர் இடுப்பையும் காலையும் மாறிமாறிப் பார்த்தார். முதலாமவர் போனார். இரண்டாமவர் போனார். நான்கு பேரில் நேசம் யார் என்று நானும் தேடினேன். ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான், எனக்கே தெரியவில்லை. ஒருவர் குனிந்து உள்ளங்காலைத் தடவினார். பிறகு அவரும் ஓடைச் சரிவில் இறங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஓடைக்கு அப்பாலிருந்து யாரோ மாட்டைக் கூப்பிடும் குரல் கேட்டது. ஏட்டு மறுபடி கலுங்கில் உட்கார்ந்து, வரப்பின் இந்தப் பக்கத்தைப் பார்த்தபடி பீடியைப் பற்றவைத்தார்.